ஐம்பதாயிரம் வேண்டாம் என்றவன்

அத்தியாயம் 7

துப்பறிவாளர் காசிக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. கூட்டமும் அவரைத் தேடி ஒரு நாளும் வந்ததில்லை என்பதால், இந்த விஷயத்தில் இரு தரப்புக்கும் மனக்கசப்பு எதுவும் ஏற்படவில்லை.

ஆனால் அன்று சனிக்கிழமை. இடம் ஜொகூர் பாருவின் நட்டநடுவே இருந்த ஒரு பேரங்காடி. பாலம் கடந்து வந்த சிங்கப்பூர்க்காரர்கள் மளிகையும் மருந்துமாகத் தள்ளுவண்டியில் மலை கட்டிக்கொண்டு போனார்கள். அந்த மலைகளுக்கு நடுவே காசி, வேட்டைக்குக் கிளம்பிய புலியின் முகத்தோடு நடந்தார். பின்னால் வந்த லோஷினிக்கு அது பல்வலிக்காரர் முகமாகத்தான் தெரிந்தது.

"பாஸ், கொஞ்சம் சிரிச்ச மாதிரி வாங்க. சம்மன் குடுக்க வந்த ஆளுன்னு நெனச்சி கடைக்காரங்க ஓடிறப் போறாங்க."

"துப்பறியற தொழில்ல சிரிப்பு எடுபடாது."

"நம்ம தொழில்ல வேற எதுவும் எடுபட்ட மாதிரியும் தெரியலயே."

லோஷினி அவரிடம் உதவியாளராகச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. அதற்கு முன் தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூரில் ஒரு கால் சென்டரில் வேலை பார்த்தாள். கத்துகிற வாடிக்கையாளர்களிடம் அமைதியாகப் பேசுவது அங்கே வேலை. அமைதியாக இருக்கிற காசியிடம் கத்தாமல் பேசுவது இங்கே வேலை. இரண்டில் எது சுலபம் என்று அவளால் இன்னும் முடிவு செய்ய முடியவில்லை.

அவர்கள் கையில் இருந்த வழக்கு இதுதான். ரூபேந்திரன் என்று ஒரு லாரி கம்பெனி முதலாளி. போன வாரம் மெர்சிங்கில் படகெடுத்து மீன் பிடிக்கப் போனான். இரண்டு நாள் கடலில் தங்குவதாகத் திட்டம். முதல் நாளே மழை இருட்டில், படகுக்காரர் பாக் டின் முன்பக்கம் நங்கூரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, பின்பக்கம் ஏதோ தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. அவர் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஆளைக் காணவில்லை. உயிர்காப்புச் சட்டை மட்டும் மடிப்புக் கலையாமல் கிடந்தது. அதைப் போடச் சொல்லிப் பயணியைக் கட்டாயப்படுத்தவில்லை என்று, பாக் டின்னைப் போலீஸ் விசாரணைக்குப் பிடித்து வைத்திருந்தது. உடல் இன்னும் கிடைக்கவில்லை.

ரூபேந்திரன் மேல் ஏற்கெனவே ஒரு வழக்கு இருந்தது. ஒரு விடியற்காலையில் குடித்துவிட்டுக் கார் ஓட்டி, சிங்கப்பூர் வேலைக்கு மோட்டாரில் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டான். அந்தப் பெண் பிழைக்கவில்லை. அந்த வழக்கு விசாரணைக்கு வரவேண்டிய நேரம் பார்த்துக் கடல் அவனை அழைத்துக்கொண்டது. நீதிமன்றத்துத் தேதியெல்லாம் கடலுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

ஊரே இதைத்தான் முணுமுணுத்தது. அந்த முணுமுணுப்பை நிறுத்தத்தான் அவன் மனைவி ஷர்மினி, காசியின் அலுவலகத்துக்குப் படியேறி வந்தாள்.

"நல்லா தேடுங்க சார். கெடைக்கலன்னா, தேடினோம் கெடைக்கலன்னு எழுதிக் குடுங்க, போதும்," என்று கண்ணைத் துடைத்தாள். "ஓடிட்டாருன்னு பேசறாங்க. ஓடப் போற மனுசன், மொத நாளு டவுனுக்குப் போயி, கடல்ல கரண்ட் இருக்காதுன்னு புதுசா பவர் பேங்க் வாங்குவாரா? பாவம், அதுவும் அவரோடயே கடலுக்குள்ள போயிருச்சு."

புருஷன் கடலில் போன சோகத்தில் பவர் பேங்குக்கும் சேர்த்து அழுத பெண்ணை லோஷினி அதுவரை பார்த்ததில்லை. அதனால்தான் இந்த வேட்டை. விசாரித்ததில், பவர் பேங்க் வாங்கிய கடை இந்தப் பேரங்காடியின் மூன்றாவது மாடியில் இருந்தது.

கடைக்காரர் மதிவாணன், ஆள் உள்ளே நுழையுமுன்பே விற்பனையைத் தொடங்கிவிடுகிற ரகம்.

"வாங்க தங்கச்சி, வாங்கண்ணே. பவர் பேங்கா? பாருங்க, அம்பதாயிரம் எம்.ஏ.எச். ஒரு வாரத்துக்கு பிளக் பக்கமே போக வேணாம்."

லோஷினி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். காலி சோற்று டப்பா கனம்கூட இல்லை. பக்கத்தில் இருபதாயிரம் என்று போட்டிருந்ததைத் தூக்கினாள். செங்கல் மாதிரி இருந்தது.

"அண்ணே, இந்த அம்பதாயிரத்துல பேட்டரி இருக்கா, இல்ல பேட்டரியோட ஞாபகம் மட்டும் இருக்கா?"

"அட்டையில போட்டிருக்குலா தங்கச்சி."

"அட்டையில என்னோட ஃபோன் ஓடாதுண்ணே."

காசி குறுக்கே புகுந்து ரூபேந்திரனின் படத்தை மேசைமேல் வைத்தார். வைத்த வேகத்தில் இரண்டு இயர்ஃபோன்கள் கீழே விழுந்தன. மதிவாணன் படத்தைப் பார்த்ததும் விற்பனை முகம் போய், மனக்குறை முகம் வந்தது.

"இவரா? அலமாக், மறக்க முடியுமா. ஒரு பவர் பேங்குக்கு இவ்வளவு நேரமா யாருமே நின்னதில்ல. பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள கணக்கா முன்னாடி பாக்குறாரு, பின்னாடி பாக்குறாரு."

"எதுக்குன்னு சொன்னாரா?" என்று காசி கேட்டார்.

"கடலுக்குப் போறாராம். ரெண்டு நாளு கரண்ட் இருக்காது, பெருசா வேணும்னாரு. சரின்னு இந்த அம்பதாயிரத்த எடுத்துக் குடுத்தேன். பின்பக்கம் திருப்பிப் படிச்சாரு, வேணாம்னு வெச்சிட்டாரு. அப்புறம் நாப்பதாயிரம், அதுவும் வேணாம். முப்பதாயிரம், அதுவும் வேணாம். கடைசியா இருபத்தாறாயிரத்து எட்டுநூறு. அதப் பாத்ததும் மொகம் மலர்ந்துருச்சு. அது அம்பதாயிரத்தவிட வெல கூடண்ணே. பெருசு கம்மியா இருக்கு, ஆனா சின்னத கூட குடுத்து வாங்கறாரு. நானும் எத்தனையோ கஸ்டமர பாத்திருக்கேன்."

"உடனே வாங்கிட்டுப் போயிட்டாரா?"

"எங்கண்ணே போனாரு. பின்னாடி உள்ள எழுத்து கொஞ்சம் மங்கலா அச்சாயிருந்துச்சு. வேற பெட்டி கேட்டாரு. அதுலயும் மங்கல். ஸ்டோர்ல இருந்து மூணாவது பெட்டி கொண்டாரச் சொல்லி, பளிச்சுன்னு இருக்கறதாப் பாத்து எடுத்துக்கிட்டாரு. எழுத்தையா சார்ஜ் பண்ணப் போறாரு?"

லோஷினி அதைக் கேட்டுத் தலையைச் சாய்த்தாள். எங்கேயோ, எப்போதோ, யாரோ ஒருவர் இப்படித்தான் ஒரு பவர் பேங்கின் பின்பக்கத்தை வெறித்துப் பார்த்தது அவளுக்கு மங்கலாக நினைவு வந்தது. பிடிபடவில்லை.

"தண்ணி பட்டாலும் கெடாத ரகம் இருக்கா?" என்று காசி திடீரென்று கேட்டார்.

"அதான் இன்னொரு கூத்து. கடலுக்குப் போறீங்களே, இது எடுத்துக்கங்க, தண்ணிக்குள்ள போட்டாலும் ஒன்னும் ஆவாதுன்னு ஒன்ன காட்டினேன். அதத் தொட்டுக்கூடப் பாக்கல. 'இதுமேல தண்ணி படாது, நீ கவலப்படாத'ன்னாரு. கடல்ல தண்ணி படாம எப்படிண்ணே?"

காசி லோஷினியைப் பார்த்தார். ஓராண்டில் முதல்முறையாக அவர் கேட்ட கேள்வி ஒன்று சரியான இடத்தில் போய் விழுந்திருக்கிறது. அதை அவரே எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. லோஷினி பெருந்தன்மையாக அதைக் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டாள்.

கிளம்பும்போது மதிவாணன் அந்த ஐம்பதாயிரத்தை மறுபடியும் அவளிடம் நீட்டினார்.

"வேணாம்ணே. இதுல காத்தடிச்சா பலூனாப் பறந்துரும்."

கீழ்த்தளத்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் காசி தே தாரிக் தேநீரை ஆற்றியபடி தன் முடிவை அறிவித்தார்.

"விஷயம் தெளிவாயிருச்சு. ரூபேந்திரனுக்கு போலிச் சரக்குன்னா பயம். அம்பதாயிரம் போலி. அதனால நல்ல சரக்கா, சின்னதா வாங்கியிருக்கான். தரம் பாக்கற மனுசன்."

"அவ்வளவு தரம் பாக்கறவரு, கடலுக்குப் போறப்ப தண்ணிக்குத் தாங்குறத ஏன் வேணாம்னாரு?"

"அது வந்து..." காசி ஒரு வாய் குடித்தார். "அது கடலுக்கே போகல. அதத்தானே நான் கடையிலயே கண்டுபிடிச்சேன்."

"சரி. கடலுக்குப் போகாத பவர் பேங்குக்கு, ஆகப் பெருசும் வேணாம், ஆகச் சின்னதும் வேணாம், குறிப்பா இருபத்தாறாயிரத்து எட்டுநூறு எதுக்கு? பின்னாடி எழுத்து பளிச்சுன்னு எதுக்கு?"

கேட்டுவிட்டு லோஷினியே நிறுத்தினாள். மேலே கடையில் பிடிபடாமல் நழுவியது இப்போது தானாக வந்து மடியில் விழுந்தது.

செனாய் விமான நிலையம். போன ஆண்டு பெரியப்பா மகள் கல்யாணத்துக்குப் பினாங்கு போனபோது நடந்தது. பாதுகாப்புச் சோதனையில் ஒரு அம்மா அவளுடைய பழைய பவர் பேங்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்து எழுத்து உரசி உரசி அழிந்துபோயிருந்தது. எவ்வளவு கொள்ளளவு என்று தெரியாததை விமானத்தில் ஏற்ற முடியாது என்று சொல்லி, டப்பாவில் போட்டுவிட்டார். டப்பாவுக்குள் ஏற்கெனவே அதைப்போல ஒரு குவியல் இருந்தது.

"பாஸ், அவரு பவர் பேங்க் வாங்கல. போர்டிங் பாஸுக்கு ஜோடி வாங்கியிருக்காரு."

"புரியற மாதிரி சொல்லு."

"பிளேன்ல பவர் பேங்க கைப்பையில வெச்சிதான் கொண்டு போகணும். நூறு வாட் அவர் வரைக்கும் கேள்வி கேக்க மாட்டாங்க. அதுக்கு மேல போனா தனியா அனுமதி, ரொம்ப மேல போனா குப்பத்தொட்டி. எம்.ஏ.எச். கணக்க வாட் அவருக்கு மாத்துனா, முப்பதாயிரம் நூத்தத் தாண்டிரும். இருபத்தாறாயிரத்து எட்டுநூறு நூத்துக்கு ஒரு மயிரிழை கம்மி. பிளேன்ல கேள்வி இல்லாம கொண்டு போகக்கூடியதுலயே அதான் ஆகப் பெருசு. பின்னாடி எழுத்து தெளிவா இல்லன்னா, சின்னதா இருந்தாலும் புடுங்கிருவாங்க. என்னோடத புடுங்குனாங்க."

காசி தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். பாதிக் கோப்பையை அவர் விட்டுவிட்டுப் போவது அரசாங்கம் மாறுவதற்குச் சமமான நிகழ்ச்சி.

"ஆளு பறந்துட்டான். கடல்ல குதிச்சி, நீந்தி, பிளேன் ஏறிட்டான். வா, அந்தம்மாகிட்ட சொல்லணும். புருஷன் சாகல, ஏமாத்திட்டு ஓடிட்டான்னு."

"பாஸ், ஒரு நிமிசம்..."

ஒரு நிமிடம் கொடுக்கிற நிலையில் அவர் இல்லை.

கூலாயில் இருந்த ஷர்மினி வீட்டுக்குப் போகிற வழி முழுக்க லோஷினி முன்சீட்டில் யோசித்துக்கொண்டே வந்தாள். ஜாமீனில் இருப்பவனுடைய பாஸ்போர்ட் நீதிமன்றத்தில் இருக்கும். உள்ளூர் விமானம் என்றாலும் அடையாள அட்டையைக் காட்டாமல் ஏற முடியாது. செத்துப்போனதாக எல்லாப் பேப்பரிலும் படம் வந்தவன், செனாயில் வரிசையில் நின்று பெல்ட்டைக் கழற்றி டிரேயில் வைப்பானா? அவள் இதைச் சொன்னபோது, "அதெல்லாம் சில்லறை விஷயம்," என்றார் காசி. ஒரு வழக்கைத் தீர்த்துவிட்ட சந்தோஷத்தில் இருக்கிற மனிதரை அதற்குமேல் தொந்தரவு செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. தொந்தரவு செய்தாலும் அவருக்குக் காது கேட்கப் போவதில்லை.

ஷர்மினியின் வீடு, ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் மூலை வீடு. தெருமுனையில் சாலையைத் தோண்டி மின்கேபிள் மாற்றிக்கொண்டிருந்தார்கள். வரிசை முழுக்கக் காலையிலிருந்து கரண்ட் இல்லை. கதவு சன்னல் எல்லாம் திறந்துபோட்டு, பக்கத்து வீட்டு ஆட்கள் வாசலில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் காசியின் காரைப் பார்த்து, "பவர் எப்ப வரும்ணே?" என்று கேட்டார். துப்பறிவாளரை மின்சாரக்காரர் என்று நினைத்துவிட்டார். அப்படி நினைத்தாவது யாரோ ஒருவர் அவரை எதிர்பார்த்துக் காத்திருந்தது காசிக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். "பாக்குறோம்," என்றார்.

உள்ளே கூடத்தில் ரூபேந்திரனின் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றி வைத்திருந்தது. டீப்பாயின் மேல் ஷர்மினியின் ஃபோன் சன்னமாகப் பக்திப் பாட்டு பாடிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சிருங்க சார். ஃபேன்கூட ஓடல," என்று சொல்லி ஷர்மினி பாட்டை நிறுத்தினாள். "காலையில இருந்து ஒரே கொடும. சொந்தக்காரங்க வேற விடாம ஃபோன் பண்ணிக்கிட்டே இருக்காங்க. பேசிப் பேசி வாய் வலிக்குது."

காசி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்து, இந்த மாதிரித் தருணங்களுக்கென்று வைத்திருந்த குரலை எடுத்தார்.

"அம்மா, மனச திடப்படுத்திக்கங்க. உங்க வீட்டுக்காரர் சாகல. அவரு வாங்குன பவர் பேங்க் கடலுக்குப் போகல. பிளேன்ல போறதுக்குன்னே தேடி வாங்குனது. அவரு நாட்டவிட்டே போயிட்டாரு."

ஷர்மினி மெதுவாகக் கேட்டாள்.

"இத எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

லோஷினிக்கு அங்கேதான் முள் தைத்தது. கட்டினவன் உயிரோடு இருக்கிறான் என்று கேட்ட பெண், நெசமாவா என்று கேட்பாள். எங்கே இருக்கிறார் என்று கேட்பாள். பாவி என்று திட்டக்கூடச் செய்வாள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்பது, பதுக்கி வைத்த சாமான் வெளியே வந்துவிட்டவர்கள் கேட்கிற கேள்வி.

அவள் தன் ஃபோனை எடுத்துப் பார்த்தாள். உயிர் போகிற நிலையில் சிவப்புக் கோடு மினுக்கியது.

"அக்கா, என் ஃபோன் சாகப் போவுது. கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கலாமா?"

"கரண்டு இல்லயேம்மா."

"ஆமால்ல." லோஷினி டீப்பாயில் இருந்த ஃபோனை எட்டிப் பார்த்தாள். "காலையில இருந்து கரண்டு இல்ல. விடாம கால் பேசியிருக்கீங்க. பாட்டு வேற ஓடிக்கிட்டு இருக்கு. உங்களுது மட்டும் நூறு பர்சன்ட் காட்டுதேக்கா. சாமி பாட்டு போட்டா தானா ஏறிக்குமா?"

"காருல சார்ஜ் போட்டேன்."

"உங்க காரு மெர்சிங் படகு ஜெட்டியில நிக்கிது. உங்க வீட்டுக்காரர் ஓட்டிட்டுப் போனது. போலீஸ் இன்னும் விடலன்னு நீங்கதான் எங்க ஆபீசுல சொன்னீங்க. கிராப் டாக்சி புடிச்சி வந்தேன்னு வருத்தப்பட்டீங்க."

"பக்கத்து வீட்டுல குடுத்து..."

"பக்கத்து வீட்டு அண்ணன் வெளிய அட்டையால விசிறிக்கிட்டு இருக்காரு. எங்க பாஸையே கரண்டு ஆளுன்னு நெனச்சிட்டாரு."

காசி ஒருமுறை ஃபோனைப் பார்த்தார், ஒருமுறை ஷர்மினியைப் பார்த்தார். கார் பயணம் முழுக்க லோஷினி சொல்லியும் ஏறாத விஷயம், அவர் தலையில் இப்போதுதான் படியேறிக்கொண்டிருந்தது.

"அவன் பறக்கல," என்றார் காசி நிதானமாக. "பாஸ்போர்ட் இல்லாதவன் எப்படிப் பறப்பான். படகுல தாண்டியிருக்கான். பறக்கப் போறது நீங்க."

நியாயமாகப் பார்த்தால் இதை லோஷினிதான் சொல்லியிருக்க வேண்டும். போகட்டும் என்று விட்டாள்.

ஷர்மினி எழுந்து சாமி அறைக்குப் போனாள். ஓடிவிடுவாளோ என்று காசி பதறினார். அவள் ஓடவில்லை. குத்துவிளக்குக்குப் பின்னால் இருந்து ஒரு கறுப்புச் செங்கல்லை எடுத்து வந்து டீப்பாயில் வைத்தாள். இருபத்தாறாயிரத்து எட்டுநூறு. பின்பக்கத்து எழுத்து பளிச்சென்று இருந்தது.

"அழகுன்னு அவரோட கூட்டாளி," என்றாள். "மழை வரட்டும்னு பக்கத்துல படகோட நின்னாரு. இவரு நல்லா நீந்துவாரு. படகு மாறி படகு, இந்தோனேசியா போயிட்டாரு. லோம்போக் தீவு வரைக்கும் நான் பிளேன்ல போவணும், அங்க ஆளு வந்து கூட்டிக்கிட்டுப் போவும். அவரு இருக்கற தீவுல கரண்ட் கெடையாது. அதனால பெருசா, ஆனா பிளேன்ல விடற மாதிரி வேணும்னு அவரே பாத்து வாங்கி என்கிட்ட குடுத்துட்டுப் போனாரு."

"அப்புறம் எதுக்கு எங்ககிட்ட வந்தீங்க?" காசிக்கு உண்மையிலேயே புரியவில்லை. "துப்பறிவாளர்கிட்ட வந்தா உண்மை தெரிஞ்சிரும்னு தோணலயா?"

ஷர்மினி கொஞ்சம் தயங்கினாள்.

"தேடினோம், கெடைக்கலன்னு எழுதித் தர ஒரு ஆளு வேணும் சார். ஜொகூர் முழுக்க நெட்டுல தேடுனேன். ஒன்றரை ஸ்டார் வாங்குனவரு நீங்க ஒருத்தருதான்."

காசி சுவரைப் பார்த்தார்.

"வருத்தப்படாதீங்க பாஸ்," என்றாள் லோஷினி. "அதுல ஒத்த ஸ்டார் ரிவ்யூ நான் போட்டது. இன்க்ரிமென்ட் கேட்டு நீங்க தராத மாசம்."

பிறகு அவள் ஷர்மினியின் பக்கம் திரும்பினாள். குரலில் இருந்த குறும்பு போய்விட்டிருந்தது.

"நானும் அந்த ரோட்டுலதான்க்கா தெனமும் மோட்டார்ல போனேன். இருட்டுல, ஆயிரக்கணக்கான மோட்டாருக்கு நடுவுல. அந்தப் பொண்ணு ரோட்டோரம் கெடந்தப்ப, பையில ஃபோன் அடிச்சிக்கிட்டே இருந்துச்சாம். பேப்பர்ல போட்டிருந்தாங்க. வேலைக்குப் போய்ச் சேந்துட்டியான்னு கேக்க அவங்க அம்மா கூப்பிட்டிருக்காங்க. உங்க வீட்டுக்காரர் நின்னு அந்த ஃபோன எடுத்திருந்தாக்கூட, ஆளு பொழச்சிருக்கலாம். இப்ப அவருக்குப் பதிலா ஒரு படகுக்கார கெழவன் உள்ள ஒக்காந்திருக்காரு."

"எனக்கு வேற வழி தெரியல," என்றாள் ஷர்மினி. "கட்டுனவரு. நான் இல்லாம அவருக்கு ஒரு கோப்பித் தண்ணி போடக்கூடத் தெரியாது."

அப்போது டீப்பாயில் இருந்த ஃபோன் அதிர்ந்தது. திரையில் இந்தோனேசிய எண்.

மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். ஷர்மினியின் கை நீள்வதற்குள் லோஷினி பச்சையைத் தொட்டு, ஸ்பீக்கரையும் தட்டிவிட்டாள்.

"ஷர்மி," என்றது ஆண் குரல். பின்னால் அலைச் சத்தம். "பக்கத்துல யாரும் இல்லயே?"

ஷர்மினி காசியைப் பார்த்தாள். பிறகு லோஷினியைப் பார்த்தாள். "இல்ல," என்றாள். பழக்கம் அப்படி.

"நல்லது. கேளு, பேட்டரி போவப் போவுது. டிக்கெட்ட கேன்சல் பண்ணிரு. நீ வர வேணாம்."

"என்னா சொல்றீங்க?"

"நீ வந்தா சந்தேகம் வரும். அதோட இங்க ஒரு ரூமுதான், உனக்கெல்லாம் சரிப்படாது. அழகு நாளைக்கிப் பிளேன் ஏறுறான். பவர் பேங்க அவன்கிட்ட குடுத்துரு, மறந்துராத. இங்க விக்கிறதெல்லாம் டூப்ளிகேட்டு, ஒரு வேள சார்ஜ் நிக்க மாட்டுது."

"அப்ப நானு?"

"நீ அங்கயே இரு. ஒரு ரெண்டு மூணு வருசம் போவட்டும், பாப்போம். போலீசு வந்தா அழு. நல்லாத்தான் அழுவுற, அழகு சொன்னான். ஹலோ, இருக்கியா?"

ஷர்மினி, மாலை போட்ட படத்தில் சிரித்துக்கொண்டிருந்தவனையும், டீப்பாயில் பேசிக்கொண்டிருந்தவனையும் மாறி மாறிப் பார்த்தாள். காசி வாயைத் திறக்கப் போனார். லோஷினி அவருடைய சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். இப்போது எதைச் சொன்னாலும் கெட்டுப்போகும் என்று அவளுக்குத் தோன்றியது.

"இருக்கேன்," என்றாள் ஷர்மினி கடைசியில். குரல் மாறவே இல்லை. "அழகு அண்ணனுக்கு வழி தெரியுமா? போன தடவ பத்து பகாட் டவுன்லயே தொலஞ்சி போனவரு அவரு. எடத்தோட பேர சொல்லுங்க, நான் பெட்டியில எழுதி ஒட்டி விடுறேன்."

"அவன் மறந்துருவான்தான்," என்றது குரல், கொஞ்சம் யோசித்து. "பூலாவ் செமுட். ஜெட்டியில எறங்கி, மீன் காயப் போடற கொட்டாய்க்குப் பின்னால, நீல வீடு."

"பூலாவ் செமுட்," என்று ஷர்மினி சத்தமாகத் திருப்பிச் சொன்னாள். "மீன் கொட்டாய்க்குப் பின்னால, நீல வீடு. அங்க என்னா பேரு வெச்சிருக்கீங்க?"

"ராஜூ. ஏன், சத்தம் ஒரு மாதிரி எதிரொலி அடிக்குது?"

"வீட்டுல யாரும் இல்லல்ல. அதான்," என்று சொல்லிவிட்டு அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

காசி பாக்கெட்டில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். லோஷினி ஏற்கெனவே உள்ளங்கையில் எழுதி முடித்திருந்தாள்.

ஷர்மினி அவர்கள் இருவரையும் பார்க்காமல் மறுபடி ஃபோனை எடுத்து, மெர்சிங் போலீஸ் எண்ணைத் தேடி அழுத்தி, ஸ்பீக்கரையும் தட்டினாள். பல தடவை அழுதபடி பேசிய எண்தான். வழக்கமாக எடுக்கும் சார்ஜன்ட்டே எடுத்தார். அவள் பேரைக் கேட்டதும் அவர் குரல் தானாகத் தணிந்தது.

"டுவான், என் கணவர் உயிரோட இருக்காரு," என்று மலாயில் சொன்னாள்.

"அல்ஹம்துலில்லா," என்றார் சார்ஜன்ட். மனதாரச் சொன்னார். பக்கத்தில் இருந்த யாரிடமோ அந்த நல்ல செய்தியைச் சொல்வதும், அங்கே இரண்டு மூன்று பேர் சந்தோஷப்படுவதும் ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது.

ஷர்மினி அவர்கள் சந்தோஷப்பட்டு முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள்.

"மொதல்ல அந்தப் படகுக்காரர வீட்டுக்கு அனுப்புங்க டுவான்," என்றாள். "அப்புறம் எழுதிக்கங்க. விலாசம் சொல்றேன்."